நீ கொடுத்து விட்ட கறைவெள்ளைச் சேவல்

என் கூடப்பிறந்த தங்கமே, தம்பி மாணிக்கம்,

அன்றைக்கு நம் தேயிலை எஸ்டேட் முனியாண்டி கோயிலில் நின்றவர்கள் பேர் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. பூசாரி ஆறுமுகம். என் வீட்டுக்காரர், உன் மச்சான், வேலு. உன் பொண்டாட்டி லெட்சுமி. உன் கூட்டாளி கோபால். அவனைப் பெத்த பாக்கியம். பழைய கங்காணி மகன் சுப்பையா, எங்கே சண்டை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பானே, அவன். அப்புறம் நீ, நான். எட்டுப் பேர். பூசாரியும் பாக்கியமும் உன் மச்சானும் போய்ச் சேர்ந்தாச்சு. சுப்பையா ஈப்போவில் மகள் வீட்டில் படுத்த படுக்கை. இப்போது நீயும் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது.

உன் படத்தைப் போட்டு பேப்பரில் நாலு வரி நினைவஞ்சலி போடலாம் அண்ணி என்று லெட்சுமி கேட்டாள். நாலு வரியில் எனக்கு அடங்காதுடா. நான் மூணாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கினவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அரைப்பக்கம் எழுதினால் விரல் மரத்துப் போகிறது. எழுந்து போய்க் கோழிக்குத் தண்ணி வைத்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். இன்றைக்கு மூணாம் நாள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். என்னை எட்டுப் பேர் முன்னால்தானே கேட்டாய். இதையும் நாலு பேர் கேட்டால் என்ன?

உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எஸ்டேட் மானேஜர் துரை வீட்டு அம்மா மாற்றலாகிப் போகும்போது ஒரு ஜோடிக் கோழியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நீலக்கோழி. நீலம் என்றால் சாயத்தில் முக்கின நீலம் இல்லை. மழை இறங்குவதற்கு முன்னால் எதிர்மலை நிற்குமே, அந்த நிறம். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மை தொட்டுக் கோடு இழுத்த மாதிரி கறுப்புக் கரை. சேவல் நடந்தால் கரை எல்லாம் அசைந்து, உடம்பே மீன் செதில் மாதிரித் தெரியும். நீ உன் ஊர் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரியில் தொத்திக்கொண்டு வந்து, கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, அரைமணி நேரம் பார்த்தாய். ஜோடி என் கூண்டில் இருந்தது, ஆசை உன் தலையில் ஏறிவிட்டது.

பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஓட்டல்காரர் தோட்டத்தில் மேய விடுவதற்குப் பத்து நீலக்கோழி கேட்டார், வேறு நிறம் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்று சொல்லித்தான் கேட்டார். நீ யோசிக்காமல் வாக்குக் கொடுத்தாய். நீலச் சேவலும் நீலப் பேடும் சேர்ந்தால் நீலக்குஞ்சு வராமல் வேறு என்ன வரும்? நீயும் அப்படித்தான் நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த மலையில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பன்னிரண்டு முட்டை சேர்த்து உமிக்கூடையில் வைத்திருந்தேன். வாங்கிப் போவதற்கு கோபாலை மோட்டர் சைக்கிளில் அனுப்பினாய். அவன் அடுப்படி வாசலில் நிற்கும்போதுதான் இரண்டு முட்டையில் விரிசல் பார்த்தேன். அதை எடுத்து வைத்துவிட்டு, அதே பேடு முதல் நாளும் அன்றைக்கும் இட்ட இரண்டை வைத்தேன். அவன் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விரிசல் முட்டையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இருபத்தோரு நாள் கழித்து ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நீயே வந்தாய். பதினொரு குஞ்சு. நாலுதான் நீலம். நாலு கறுப்பு. மூணு, அழுக்குத் தண்ணியில் நனைந்த பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை.

"அக்கா, இது என்னா?" என்றாய்.

"குஞ்சு."

"குஞ்சுன்னு எனக்கும் தெரியும் லா. இந்தக் கறுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கு எப்படிடா தெரியும்? உன் வீட்டுப் பேடுதானே அடைகாத்துச்சு."

"அடைகாத்தது என் வீட்டுப் பேடு. முட்டை உன் வீட்டுக் கூடை."

அந்த ஒரு பேச்சிலேயே நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டில் நாட்டுக்கோழியும் மேய்ந்தது, கறுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. ஓட்டல்காரருக்கு நானே நேராகக் கொடுக்க வேண்டும் என்று, உனக்கு நாட்டுக்கோழி முட்டையைக் கலந்து அனுப்பினேன் என்று முடிவு பண்ணிவிட்டாய். கோபால் வேறு, அக்கா கூடையில் கை வைத்ததைப் பார்த்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். விரிசலைச் சொன்னேன். "ரெண்டு முட்டைய எடுத்து வச்ச கைக்கு ஏழு முட்டை பெருசா?" என்றாய்.

அப்புறம் கோயில். நம் எஸ்டேட் வழக்கம் உலகத்துக்கே தெரியும். கொழுந்து எடை தகராறாக இருந்தாலும் சரி, புருஷன் பொண்டாட்டி தகராறாக இருந்தாலும் சரி, முனியாண்டி முன்னால் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. பனி மூடி, கோயில் மணிகூடச் சரியாகத் தெரியாத காலை அது.

உன் மச்சான் சொன்னார், "விடு மாணிக்கம், அடுத்த அடையில பாத்துக்கலாம்."

சுப்பையா சிரித்தான். "குஞ்சுங்களையே கேளுங்க லா, அப்பன் யாருன்னு சொல்லும்."

பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீ கீழே பார்த்துக்கொண்டு, "அணைச்சிடுக்கா, அணைச்சிட்டா நான் ஒண்ணும் கேக்கல" என்றாய்.

நான் அணைக்கவில்லை. அணைத்திருக்கலாம், நாட்டுக்கோழி முட்டையை நான் மாற்றி வைக்கவில்லை என்பது சத்தியம்தானே. ஆனால் அம்மா செத்த பிறகு உனக்குப் பல் தேய்த்துவிட்டு, பேன் பார்த்து, கொழுந்துக்காட்டுக்குப் போகும்போது முதுகில் கட்டிக்கொண்டு போனவள் நான். கற்பூரம் அடுத்தவனுக்கு. கூடப்பிறந்தவன் கேட்டு நான் நெருப்பில் கை வைத்தால், அப்புறம் நமக்குள் என்ன இருக்கிறது? அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். பக்கத்து லைன் வீட்டுக் கறுப்புச் சேவல் வேலி தாண்டி வந்து போயிருக்குமோ என்று எனக்கே மனசுக்குள் ஒரு முள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சாமி முன்னால் எப்படிடா கை நீட்டுவேன்?

கோபால் நீட்டினான். "அக்கா முட்டைய எடுத்ததையும் வச்சதையும் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லி, பட்டென்று அணைத்தான். பாக்கியம் தலையை ஆட்டினாள், அவளே பார்த்த மாதிரி. லெட்சுமி மட்டும், "வேணாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று உன் கையைப் பிடித்தாள். நீ உதறினாய்.

நான் அணைக்காததால் நியாயம் உன் பக்கம் என்று ஆகி, ஜோடியை நீ தூக்கிக்கொண்டு போனாய். பதினொரு குஞ்சையும் பெட்டியோடு என் காலடியில் வைத்துவிட்டுப் போனாய். "இனிமே உன் கோழிய நீ பாரு, என் கோழிய நான் பாத்துக்கறேன்." அப்புறம் நீ சாகிற வரைக்கும் பத்து வருஷம், நீ என்னிடம் கடைசியாகப் பேசினது அதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. என் கோழி கலப்படம் இல்லை என்று காட்ட வேண்டும், உனக்கில்லாவிட்டால் எனக்காவது. உன் மச்சானை வைத்துக் கம்பி வலைக் கூண்டு கட்டினேன், மேலேயும் வலை. பக்கத்துச் சேவல் மூக்குகூட நுழையாது. அந்த நாலு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கறுப்பும் கறைவெள்ளையும் வளர்ந்ததும் சட்டிக்குப் போட்டேன். கறைவெள்ளை என்று பேர் வைத்தது நான்தான். வளர்ந்த பிறகு பார்த்தால் வெள்ளை உடம்பில் அங்கங்கே யாரோ பேனாவை உதறின மாதிரி நீலக்கறை இருக்கும், அதனால்.

நீலத்தை நீலத்தோடு சேர்த்தேன். மறுபடி கறுப்பு வந்தது, கறைவெள்ளையும் வந்தது. அதிலும் நீலத்தை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்தேன், மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் குஞ்சு பொரிக்கிற அன்றைக்குக் காலையில் பேட்டைத் தூக்கிப் பார்ப்பேன், அடியில் கறுப்புத் தலை எட்டிப் பார்க்கும். வலையைத் தடவித் தடவிப் பார்ப்பேன், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று. இல்லைடா. ஓட்டையே இல்லாத கூண்டுக்குள் கறுப்பு எப்படி வருகிறது?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். முனியாண்டி முன்னால் கற்பூரத்தை அணைக்காமல் வந்தேன், அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு அடையிலும் எனக்குக் காட்டுகிறார். அந்த நினைப்போடு எத்தனை வருஷம் போனது தெரியுமா? கொழுந்துக்காட்டில் பழைய முகமெல்லாம் போய் பங்களாதேஷ் பையன்கள் வந்து, கைக்கொழுந்து போய் மெஷின் வெட்டு வந்து, என் முட்டி தேய்ந்து, உன் மச்சான் கண் மூடி. அவர் செத்தபோது நீ வந்தாய், தோள் கொடுத்தாய். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

நீலக்கோழிக்குக்கூடக் கரை மங்கிக்கொண்டே வந்தது. நீலத்தோடு நீலமாகவே சேர்த்துச் சேர்த்து, மைக்கோடு போய், சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. அதையும் சாபம் என்றுதான் நினைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபால் மோட்டரில் வந்து நின்றான். பின்னால் முட்டைக்கோஸ் பெட்டி, அதற்குள் ஒரு சேவல். கறைவெள்ளைச் சேவல், நல்ல வாட்டசாட்டம்.

"என்னடா இது?"

"உங்க தம்பி குடுத்து விட்டாரு அக்கா."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. குடுத்துட்டு வான்னாரு."

"எதுக்குன்னுகூட சொல்லலையா?"

"நான் கேட்டேன் லா. அக்காவுக்குத் தெரியும்னாரு."

எனக்கு என்னடா தெரியும்? அந்தச் சேவலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் கலப்படத்தை நீயே வைத்துக்கொள் என்று ஊர் அறிய என் மூஞ்சியில் எறிந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே அறுத்தேன், உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்தேன். அதோடு விட்டேனா? ஒரு அடுக்கு டிபன் கேரியரில் போட்டு, கோபாலையே காத்திருக்கச் சொல்லி, அவன் கையிலேயே கொடுத்தேன். "நல்லா வெந்துச்சுன்னு சொல்லு."

கோபால் டிபனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எனக்கு ஏன் அக்கா இந்தப் பொழப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே மோட்டரை முடுக்கினான்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்தவன் நிமிரவில்லை என்று செய்தி வந்தது. மழையில் மண் சரிந்து ரோடு அடைத்து, வழியில் கியா பார்மில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நான் வருவதற்குள் உன்னைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, உன் வீட்டுப் பின்னால் போனேன். கால் நீட்டி உட்கார இடம் தேடித்தான் போனேன். அங்கே உன் கூண்டு வரிசை. முதல் கூண்டில் பத்துப் பதினைந்து குஞ்சு, இறகு முளைக்கிற வயசு. எல்லாம் நீலம். ஒரு கறுப்பு இல்லை, ஒரு வெள்ளை இல்லை. கரை எப்படி இருந்தது தெரியுமா, துரை வீட்டு அம்மா விட்டுப் போன ஜோடிக்குக்கூட அப்படி இல்லை. நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனியாண்டி உன் பக்கம்தான் என்று நினைத்தேன்.

அடுத்த கூண்டில் ஒரு கறுப்புப் பேடும் ஒரு கறைவெள்ளைச் சேவலும் இருந்தன. இதை ஏன் இன்னும் அறுக்காமல் வைத்திருக்கிறான் என்று நினைக்கும்போது லெட்சுமி வந்தாள்.

"அதுதான் அண்ணி அதுங்களோட தாயும் தகப்பனும்."

"எதுங்களோட?"

"இந்த நீலக் குஞ்சுங்களோட."

"என்ன பேசற லெட்சுமி? கறுப்புக்கும் அழுக்கு வெள்ளைக்கும் நீலம் பொறக்குமா?"

"அதுங்களுக்குத்தான் அண்ணி எல்லாமே நீலமா பொறக்கும்."

என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வடைக்கு வாங்கினதில் மீந்த உளுந்து இருந்தது, தோலோடு கறுப்பு உளுந்து ஒரு டப்பா, தோல் நீக்கின வெள்ளை உளுந்து ஒரு டப்பா. முறத்தில் இரண்டையும் கொஞ்சம் கொட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். தீவனக்கடைச் சீன முதலாளி ஆ லெங் தவுக்கே உனக்குச் சொல்லிக் கொடுத்ததை, நீ அவளுக்கு இதே முறத்தில் வைத்துக் காட்டினாயாம்.

ஒவ்வொரு கோழிக்குள்ளேயும் நிறத்துக்கு என்று இரண்டு மணி இருக்கிறது. ஜீன் என்கிறார்களாம். ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. இரண்டும் கறுப்பு மணி என்றால் கோழி கறுப்பு. இரண்டும் வெள்ளை மணி என்றால் கறைவெள்ளை. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்றால்தான் நீலம். அவள் ஒரு கறுப்பு உளுந்தையும் ஒரு வெள்ளை உளுந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுதான் அண்ணி நம்ம நீலக்கோழி" என்றாள்.

"சேவல்கிட்டயும் இப்படி ரெண்டு, பேடுகிட்டயும் இப்படி ரெண்டு. ஆளுக்கு ஒண்ணுதான் குஞ்சுக்குக் குடுக்கும். எதைக் குடுக்கும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டும் கறுப்பைக் குடுத்துட்டா?"

"கறுப்புக் குஞ்சு" என்றேன்.

"ரெண்டும் வெள்ளையைக் குடுத்துட்டா?"

நான் முறத்தில் இரண்டு வெள்ளை உளுந்தைச் சேர்த்து வைத்தேன்.

"நீலமும் நீலமும் சேர்ந்தா பாதிதான் நீலம் அண்ணி. மீதி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிடும். யார் கூண்டுல வளர்த்தாலும் அப்படித்தான். கறுப்பையும் கறைவெள்ளையையும் சேர்த்தா அது கறுப்பு மட்டும்தான் குடுக்க முடியும், இது வெள்ளை மட்டும்தான் குடுக்க முடியும். ஒண்ணுவிடாம நீலம்."

பத்து வருஷம் நான் சட்டிக்குப் போட்டதெல்லாம் கண் முன்னால் வந்தது. நீலம் வேண்டும் என்று நீலத்துக்கு வழிகாட்டுகிற கோழியைத்தான் அறுத்து அறுத்துத் தின்றிருக்கிறேன். யாரும் வேலி தாண்டி வரவில்லை. சாமி சாபம் விடவில்லை. நான் கூடையில் கை வைத்தது விரிசலுக்கு. அந்த முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேனா என்று கேட்கிறாயா? இல்லைடா. தூக்கம்தான் வந்தது. பத்து வருஷத்துச் சுமையை யாரோ இறக்கி வைத்தால் சந்தோஷம் வராது போலிருக்கிறது, களைப்புதான் வருகிறது.

அப்புறம்தான் உறைத்தது. "அப்ப இது மாணிக்கத்துக்குத் தெரியுமா? நான் முட்டைய மாத்தலன்னு தெரியுமா?"

லெட்சுமி உளுந்தைப் பொறுக்கிப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். கறுப்பைக் கறுப்பிலே, வெள்ளையை வெள்ளையிலே.

"மூணு வருஷமா தெரியும் அண்ணி. ஆ லெங் சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து இங்கதான் உக்காந்தாரு. 'அக்கா மாத்தல லெட்சுமி, அக்கா மாத்தவே இல்ல'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. போய் அவங்ககிட்ட சொல்லுங்கன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னாரு. இருக்கறதுலயே நல்ல கறைவெள்ளைச் சேவலா பொறுக்கிக் குடுத்து விட்டாரு. அக்காகிட்ட கறுப்பு இருக்கும், இதை விட்டா எல்லாம் நீலமா வரும், அப்ப அவளே புரிஞ்சிக்குவான்னாரு."

நான் டிபன் என்னாச்சு என்று கேட்டேன்.

"தொறந்தாரு. பாத்தாரு. சிரிச்சாரு அண்ணி, ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் சோறு போடச் சொல்லி மிச்சம் வைக்காம தின்னாரு. அக்கா கைப்பக்குவம் அப்படியே இருக்குன்னாரு. கோபம் ஆறட்டும், பொங்கலுக்குப் போறேன்னாரு."

எந்தப் பொங்கலுக்குடா?

அதற்குப் பிறகு கோபால் என்னைப் பார்க்க வந்தான். லெட்சுமிதான் அனுப்பியிருக்க வேண்டும். லைன் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இப்போது ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது.

"நான் பாத்ததத்தான் சொன்னேன் அக்கா."

"பாத்ததுல பாதிய சொன்ன. மீதியக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"கேக்கத் தோணல அக்கா."

"கற்பூரம் அணைக்க மட்டும் தோணுச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னும் அந்த உள்ளங்கை எரியற மாதிரியே இருக்கு அக்கா" என்றான். நாடகம் ஆடாதே, உட்கார், என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மன்னித்தேனா என்று கேட்டால், அப்படித்தான் வைத்துக்கொள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா? அவனுக்குச் செலவு பண்ண என்னிடம் இனித் தெம்பு இல்லை. பாக்கியத்தையும் விட்டேன், செத்தவள் தலையை ஆட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன. சுப்பையா சிரிப்பைக்கூட விட்டுவிட்டேன்.

உன் கறுப்புப் பேட்டையும் கறைவெள்ளைச் சேவலையும் லெட்சுமி எனக்கே கொடுத்துவிட்டாள், அவளுக்கு இடுப்புவலி, கூண்டு கழுவக் குனிய முடியவில்லை. இப்போது என் பின்கட்டில்தான் இருக்கின்றன. ஒன்பது முட்டை அடைக்கு வைத்தேன். பொரிக்கிற அன்றைக்குக் காலையில் பேட்டைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது, பழைய பழக்கம். தூக்கினேன். எட்டுக் குஞ்சு, ஒன்று கூமுட்டை. எட்டும் புகை நிறம். இப்போது இறகு விட்டு, கரை கட்டிவிட்டது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, பாட்டி என்ன மருந்து போட்டீங்க என்று கேட்கின்றன. மருந்து இல்லை, கணக்கு என்று சொன்னேன். மூணாம் வகுப்புக்காரி கணக்குச் சொல்கிறாள் பார்.

வருகிற மாசம் உன் திதி. அதற்குத்தான் லெட்சுமி போன வாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அன்னைக்கு அவர் படத்து முன்னால நின்னு, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க வாயால அதைக் கேக்காமத்தான் போயிட்டாரு. ஒரு வார்த்தை." அழுதாள். நான் யோசிக்கிறேன் என்றேன். யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீ என்னைச் சந்தேகப்பட்டாய். சரி. பதினொரு குஞ்சில் ஏழு நிறம் மாறி வந்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள், நானே என் வேலியைச் சந்தேகப்பட்டேன். எட்டுப் பேர் முன்னால் கற்பூரம் ஏற்றச் சொன்னாய். அதையும் ஒரு மூலையில் போட்டுவிடலாம். நீ அனுப்பின சேவலை நான் அறுத்தேன், அது என் அவசரம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உனக்குத் தெரிந்த பிறகு மூணு வருஷம். கம்போங் ராஜாவிலிருந்து நம் எஸ்டேட்டுக்கு எவ்வளவு தூரம்? காய்கறி லோரி தினமும் இந்த வாசல் வழியாகத்தானே இறங்கியது? அந்த மூணு வருஷமும் நான் ஒவ்வொரு அடைக்கும் முனியாண்டியிடம் போய், என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்டுக்கொண்டு இருந்தேனே. நீ வாசலில் வந்து நின்று, "அக்கா, நீ மாத்தல" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்கு அந்த மூணு வருஷம் மிஞ்சியிருக்கும். ஒரு சேவலை அனுப்பினாயேடா. சேவல் என்ன பேசும்? நான் கேட்க வேண்டியதைக் கோழி வாயில் ஏன் போட்டாய்?

அதனால் கேட்டுக்கொள். திதிக்கு வருவேன். முட்டி எப்படி இருந்தாலும் வருவேன். உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்து உன் படத்துக்கு முன்னால் படைப்பேன், நாட்டுக்கோழிதான், கறைவெள்ளையை இனி என் கை அறுக்காது. கறுப்பைக் கறுப்போடும் கறைவெள்ளையைக் கறைவெள்ளையோடும் தனித்தனிக் கூண்டில் வளர்த்து, வருஷம் ஒருதரம் இரண்டையும் சேர்த்து உன் நீலத்தை எடுப்பேன். லெட்சுமி தனியாக உட்கார்ந்து சோறு தின்ன விட மாட்டேன். நான் இருக்கிற வரைக்கும் இதெல்லாம் நடக்கும், இது என் வாக்கு.

அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னிடம் இல்லை. எல்லாரையும் விட்டாயிற்று. நான் மன்னிக்காத ஆள் இன்னும் ஒருத்தன்தான், அது நீதான், மாணிக்கம்.

உன்னை முதுகில் கட்டிச் சுமந்த அக்கா,
அஞ்சலை